பாட்டில் நிறையத் தண்ணீர்

ஜூன் மாதம் எங்கள் கடைக்கு மாம்பழ சீசன் மாதிரி. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கிற சின்னக் கடை. தருமபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரின் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிறது. எந்த ஊர் என்று சொன்னால் எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும், அதனால் சொல்லப்போவதில்லை. பள்ளிச் சேர்க்கைக்காக வருகிறவர்களிடம் என்னென்ன காப்பி வேண்டும் என்று நான் கேட்பதே இல்லை. டி.சி. இரண்டு, ஆதார் மூன்று, சாதிச் சான்று இரண்டு, பாஸ்புக் முதல் பக்கம் ஒன்று. கை பாட்டுக்கு எடுத்துக் கொடுத்துவிடும். 2025-இல் என் பெரியவளின் டி.சி.யை அதே கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தபோது மட்டும் காப்பி கோணலாக வந்தது. மூன்று தாள் வீண்.

எட்டாவது வரை அவள் எங்கள் கிராமத்து ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்தாள். வகுப்பில் மொத்தமே 14 பேர், அதில் ஆறு பெண்கள். எட்டாவதுக்கு மேல் அங்கே கிடையாது. ஒன்பதாவதுக்கு எங்கே என்ற பேச்சு பொங்கலுக்கே வீட்டில் ஆரம்பித்துவிட்டது. 3 கிலோமீட்டரில் பையன்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி. 14 கிலோமீட்டரில், என் கடை இருக்கிற ஊரில், அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி. அப்புறம், வேன் வாசலுக்கே வரும் தனியார் மெட்ரிக் பள்ளி ஒன்று.

என் வீட்டுக்காரருக்கு மெட்ரிக் மேல் ஒரு கண். அவருடைய அண்ணன் பிள்ளைகள் அங்கேதான் டை கட்டிக்கொண்டு போகிறார்கள். பீஸ் தனி, வேன் தனி, புத்தகம் தனி. அதைக்கூடக் கடன உடன வாங்கிச் சமாளித்திருப்போம். ஆனால் நாள் முழுக்க அடுத்தவர் பிள்ளைக்கு விண்ணப்பம் போடுகிற எனக்கு வேறு ஒரு கணக்கு தெரியும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கு வந்தது. அடுத்த வருஷம் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதைக் கேட்க வேண்டுமென்றால் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கிற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அதற்கும் அதே 6 முதல் 12 கணக்குதான். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களைப் பின்னால் சேர்த்தார்கள். ஒன்பதாவதை மட்டும் தனியாரில் படிக்கவைத்துவிட்டு, கட்ட முடியாமல் பத்தாவதுக்கு அரசுப் பள்ளிக்கு மாற்றிய ஒரு அப்பா, விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்தபோது, "ஒரு வருஷம்தானே மேடம், அத விட்டுட்டு போடுங்க" என்றார். மௌஸைப் பிடித்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

இதை வீட்டில் விளக்கியதும் மெட்ரிக் பேச்சு தானாக அடங்கியது. மிச்சம் இரண்டு.

என் மாமியாருக்கு இதில் குழப்பமே கிடையாது. "பொட்டப் புள்ளைங்க மட்டும் படிக்கிற எடம்னா அனுப்பு. இல்லாட்டி வூட்டுல இருக்கட்டும்." அதற்கு முந்தின ஐப்பசியில்தான் பெரியவள் வயசுக்கு வந்தாள். என் தம்பி சீர் தட்டோடு வந்து போன மறுநாளிலிருந்தே அத்தைக்கு தூரத்தை அளக்கிற கோல் மாறிவிட்டது. கடைக்குப் போய் உப்பு வாங்கி வருவதுகூட தூரம்தான். 14 கிலோமீட்டர் பஸ்ஸில் போவது மட்டும் எப்படியோ தூரம் இல்லை, ஏனென்றால் போய்ச் சேருகிற இடத்தில் பையன்கள் இல்லை. பஸ்ஸில் யார் இருப்பார்கள் என்று அத்தை யோசிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை, எனக்கும் அந்தப் பள்ளிதான் வேண்டியிருந்தது.

எனக்கு வேண்டியிருந்த காரணம் வேறு. 3 கிலோமீட்டர் பள்ளி பத்தாவதோடு முடிந்துவிடும். பதினொன்றாவதுக்கு மறுபடி டி.சி., மறுபடி புது இடம். அந்த இடைவெளியில்தான் எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் நழுவிப் போவது. பத்தாவது முடிந்த பிள்ளை மூன்று மாதம் வீட்டில் இருந்தால் போதும், யாராவது ஜாதகம் கேட்டு வந்துவிடுவார்கள். ஆதாரில் பிறந்த தேதியை மாற்ற முடியுமா என்று என் கடைக்கு வருகிறவர்களில் சிலர், வருஷத்தைப் பின்னால் தள்ளச் சொல்வார்கள். பிள்ளைக்கு 18 ஆகிவிட வேண்டும், அதுவும் வருகிற தை மாதத்துக்குள். முடியாதுங்க என்று சொல்லி அனுப்புவேன். அவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள்.

அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் இதுதான் என்று நாங்கள் பெருமை பேசுவோம். தருமபுரியில் அவ்வையார் பெயரிலேயே அரசு மகளிர் பள்ளி உண்டு. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே கடைசி மாவட்டமும் நாங்கள்தான், 68.5 சதவீதம். பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் விரிவாக்கியபோது கொண்டுவந்த மாவட்டங்களில் இதுவும் ஒன்று. எங்கள் அத்தை தலைமுறைக்கு இதெல்லாம் செய்தி இல்லை, பக்கத்து வீட்டுக் கதை. அதனால் அத்தை "அனுப்பு" என்று சொன்னதே பெரிது என்று நினைத்து, காரணத்தைத் துருவாமல் விட்டுவிட்டேன்.

சேர்க்கையன்று ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஆங்கில வழியா, தமிழ் வழியா என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும். எட்டு வருஷம் சேர்த்து வைத்ததை ஒன்பதாவதில் எதற்கு விட வேண்டும்? தமிழ் என்றேன். பத்தாவது ரிசல்ட் என்ன, பஸ் எத்தனை மணிக்கு, கேட்டில் வாட்ச்மேன் உண்டா, போன் கொண்டுவரலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. நாங்கள் கேட்காதது ஒன்றே ஒன்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இலவசச் சீருடை எட்டாவதோடு நின்றுவிடும். ஒன்பதாவதிலிருந்து துணி எடுத்து நாமே தைக்க வேண்டும். சுடிதார், மேலே ஓவர்கோட், ரெட்டைச் சடை, மடித்து ரிப்பன். ஜூன் 2-ஆம் தேதி காலை அவளுக்குச் சடை மடித்துக் கட்டும்போது கழுத்தை விறைப்பாக வைத்திருந்தாள். "வலிக்குதா?" "இல்லமா." நீலக் கலர் மூடி போட்ட ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பையின் பக்கவாட்டில் செருகினேன். 8:10 பஸ்ஸில் ஏறிப் போனாள். நானும் அதே ஊருக்குத்தான் போகிறேன், ஆனால் அத்தைக்குக் களி கிண்டி வைத்து, சின்னவனை அனுப்பிவிட்டு, 9:20 பஸ்ஸில். ஒரே ஊரில் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் நாள் முழுக்க இருப்போம், பார்த்துக்கொள்ள மாட்டோம்.

அவளோடு படித்த மற்ற ஐந்து பெண்களில் மூன்று பேர் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கே போனார்கள். ஒரு பிள்ளையை, கட்டட வேலைக்குப் பெங்களூர் போன அப்பா அம்மா கூட்டிப் போய்விட்டார்கள். ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறாள். ஆக, மகளிர் பள்ளிக்கு எங்கள் ஊரிலிருந்து ஒன்பதாவதுக்குப் போனது இவள் ஒருத்தி. இது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிந்தும் கணக்கில் வைக்கவில்லை. அங்கே நூற்றுக்கணக்கில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களே, நாலு நாளில் சேர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஒன்பது 'ஈ'. வகுப்பில் 58 பேர். ஆறாவதிலிருந்தே அங்கே படிக்கிற டவுன் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்துவிட்டார்கள். இவளுக்குக் கிடைத்தது கடைசிக்கு முந்தின பெஞ்சு. சாயந்திரம் வந்தால் "எப்படி இருந்துச்சு?" என்பேன், "இருந்துச்சு" என்பாள். பாடம் புரிகிறது, டீச்சர் நல்லாத்தான் நடத்துறாங்க, சத்துணவில் முட்டை போட்டாங்க. குறை ஒன்றும் சொல்லவில்லை. எட்டாவதில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை. புது இடம், கொஞ்ச நாள் ஆகும் என்று எல்லாரும் சொன்னோம்.

இரண்டாவது வாரம், பாட்டிலைக் கழுவ எடுத்தபோது கனத்தது. காலையில் பிடித்த தண்ணீர் கழுத்து வரை அப்படியே இருந்தது. ஜூன் வெயிலில் பஸ்ஸில் ஆடி ஆடி வந்து, காய்ச்சின மாதிரி சுடச்சுட. செடிக்கு ஊற்றினேன். மறுநாளும் அப்படியே. "தண்ணி குடிக்கலையா?" "தாகம் எடுக்கல."

இதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.

தண்ணீர் என்றால் எனக்குத் தனிக் கதை உண்டு. நான் பென்னாகரம் பக்கத்துப் பிள்ளை. ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். என் முன்பல் இரண்டும் செம்மண் பூசின மாதிரி இருக்கும். பள்ளியில் சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாய்க்குப் போகும், இன்றைக்கும் போகிறது. ஜப்பான் கடனில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. பெரியவள் அதற்கு முந்தின வருஷம் பிறந்தவள்; அவளுக்குப் பல் முளைக்கிற காலத்தில் குழாயில் காவேரி வந்துவிட்டது. அவள் பல் வெள்ளை. அதனால் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரில் நான் கறார். பாட்டிலில் எந்தத் தண்ணீர் போகிறது என்பதில் குறியாக இருந்தேனே தவிர, அது உள்ளே போகிறதா என்று பார்க்கவில்லை.

ஜூலை முதல் வாரம் ஒரு ராத்திரி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாகப் போகிறது, எரிகிறது, அழுகிறாள். அத்தை தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவி, சூடு ஏறிவிட்டது என்றார். காலையில் காய்ச்சல். அரசு ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா சிறுநீர் பரிசோதனைக்கு எழுதிக்கொண்டே, "ஸ்கூல்ல தண்ணி குடிப்பியா?" என்று கேட்டார். இவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. "ஏன்?" பதில் இல்லை. "அம்மா சொல்லித் தரலையா?"

"அம்மாவும்தான் கடையில குடிக்கமாட்டாங்க" என்றாள்.

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கை வாய்க்குப் போனது, சிரிக்கக்கூட இல்லை நான். உண்மைதான். என் கடையில் பாத்ரூம் கிடையாது. பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய் வர வேண்டும். போகிற நேரம் கடையில் ஆள் இருக்க வேண்டும். அதனால் காலையில் வீட்டில் ஒரு டீ, பிறகு சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான். பத்து வருஷமாக அப்படித்தான். லீவு நாளில் என்னோடு கடைக்கு வந்து உட்கார்ந்து பிள்ளை பார்த்திருக்கிறாள். பொம்பளை வெளியே போனால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள் போல.

அன்றைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கழிப்பறையில் 12 கதவு. ஏழு கதவுக்கு உள் தாழ்ப்பாள் இல்லை. மோட்டார் பழுது, காலையில் ரொப்பிய தொட்டித் தண்ணீர் முதல் இன்டர்வெல்லோடு தீர்ந்துவிடும். இன்டர்வெல் பத்து நிமிஷம். தாழ்ப்பாள் உள்ள ஐந்து கதவுக்கும் பன்னிரண்டாவது அக்காக்கள் வரிசை. மற்ற கதவுகளுக்கு பிள்ளைகளே ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள்: ஒருத்தி உள்ளே போவாள், ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், பிறகு இவள் போவாள், அவள் நிற்பாள்.

"எனக்குக் கதவு புடிக்க யாரும் இல்லமா."

பள்ளிகளில் தண்ணீர் குடிக்க என்றே இப்போது மணி அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், வாட்டர் பெல் என்று பேர். நல்ல விஷயம்தான். மணி அடித்ததும் 58 பேரும் பாட்டிலை எடுப்பார்களாம். இவள் வாயில் வைத்துக்கொண்டு முழுங்காமல் இருப்பாளாம்.

பையன் தொந்தரவு, மதிப்பெண், பஸ், பீஸ் என்று ஆறு மாதம் பேசினோம். ஒரு தாழ்ப்பாளைப் பற்றி யாரும் பேசவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. அத்தைக்கு, கொல்லைப்புறம் போய்ப் பழகியவருக்கு, தோன்றாது. எனக்கு? சேர்க்கையன்று அரை மணி நேரம் அந்த வளாகத்தில் காத்திருந்தேனே, எழுந்து போய் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். இப்போது என் கடைக்கு வருகிற அம்மாக்களிடம் காப்பியைக் கொடுக்கும்போதே சொல்கிறேன்: போனதும் முதலில் பாத்ரூமைப் பாருங்க, பத்தாவது ரிசல்ட்டை அப்புறம் கேட்டுக்கலாம். சில பேர் சிரிக்கிறார்கள்.

அத்தை உடனே "நிறுத்திப்புடு" என்றார். வீட்டுக்காரர், "பக்கத்து ஸ்கூலுக்கே மாத்திடலாமா, அங்க அவ ஊர்ப் புள்ளைங்க இருக்காங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் நானே தடுமாறினேன். மூன்றாம் நாள் பெரியவளையே கேட்டேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "சயின்ஸ் மிஸ் நல்லா இருக்காங்க. லேப்ல மைக்ராஸ்கோப் எல்லாம் இருக்கு" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டோம்.

பள்ளிக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தது. குறை சொன்ன அம்மாவின் பிள்ளை என்று பேர் வாங்கிவிடுவாளோ என்று. காலை 8:10 பஸ்ஸுக்குப் பிள்ளைகளை ஏற்றிவிட வருகிற, மேல் வகுப்புப் பெண்களின் அம்மாக்கள் மூன்று பேரிடம் பேச்சுக் கொடுத்தேன். "உங்க புள்ள பாட்டில் காலியா வருதா?" ஒருத்தர் யோசித்துவிட்டு, "என் பொண்ணு பாட்டிலே எடுத்துட்டுப் போறதில்லையே" என்றார். இன்னொரு அக்கா, "அந்த மூணு நாளும் லீவு போட்டுக்கறா. நானும் எழுதிக் குடுத்துடறேன், காய்ச்சல்னு" என்றார். மாதம் மூன்று நாள், வருஷத்துக்கு எத்தனை நாள் என்று பஸ் ஸ்டாப்பில் நின்றே கணக்குப் போட்டோம்.

நாலு பேரும் போனோம். எச்.எம். உட்காரச் சொன்னார். நாங்கள் சொல்லச் சொல்ல மறுக்கவே இல்லை, அதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மோட்டாருக்கு எழுதியிருக்கிறார்களாம். சுத்தம் செய்ய ஆள் வருவது காலையில் ஒரு நேரம்தானாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வந்து சொல்லுங்கள் என்றார். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கூட்டத்துக்குப் போனோம். வந்திருந்த அம்மாக்கள் எல்லாரும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நானும்தான். கம்ப்யூட்டர் வேண்டும், சுற்றுச்சுவரை உயர்த்த வேண்டும் என்று இரண்டு அப்பாக்கள் பேசினார்கள். ஆண்கள் நடுவில் கழிப்பறை என்று சொல்ல நாக்கு எழவில்லை. பஸ் ஸ்டாப் அக்காதான் எழுந்து, "ஏங்க, ஏழு கதவுக்குத் தாப்பாள் இல்லீங்க" என்றார். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு பேச்சு அதைப் பற்றியே போனது.

மோட்டாருக்கு ஆயுத பூஜை வரை ஆனது. தாழ்ப்பாளுக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று நாலு வீட்டிலும் காசு போட்டு ஹார்டுவேர் கடையில் ஏழு வாங்கினோம். வீட்டுக்காரர் தன் கூட்டாளி தச்சரைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய்ப் போட்டுக் கொடுத்தார். வந்து, "ரெண்டு கதவு அடியில உளுத்துப் போச்சு, இன்னும் ஒரு வருஷம்தான் தாங்கும்" என்றார். பெற்றோர் காசில் இதைச் செய்யலாமா, கேட்டு வாங்குவதல்லவா முறை என்று கடைக்கு வந்த ஒரு தோழர் என்னிடம் வாதாடினார். முறைதான். அவர் பிள்ளை பையன்.

பாட்டில் உடனே காலியாகவில்லை. ஆகஸ்ட்டில் பாதி வந்தது. ஒரு வாரம் கால் பாகம், மறு வாரம் மறுபடி முக்கால். நான் கேட்பதை நிறுத்திவிட்டு, தூக்கிப் பார்ப்பதோடு சரி. நானும் கடைக்கு ஒரு பாட்டில் கொண்டுபோக ஆரம்பித்தேன். பக்கத்து மெடிக்கல் கடைக்காரர் வீட்டு அம்மா மாடியில் இருக்கிறார், கேட்டதும் சரி என்றார். பத்து வருஷமாக ஏன் கேட்கவில்லை என்று அவரும் கேட்டார்.

தாழ்ப்பாள் போடுவதற்குக் கொஞ்சம் முன்னாடியே இவளுக்குக் கதவு பிடிக்க ஒரு பிள்ளை கிடைத்திருந்தாள். வேறு பஸ்ஸில், வேறு பக்கத்திலிருந்து வருகிறவள். அவளும் தன் ஊரிலிருந்து ஒருத்திதான். தாழ்ப்பாள் போட்ட பிறகும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போகிறார்கள். ஒருத்தி உள்ளே, ஒருத்தி வெளியே நின்று கதை பேசிக்கொண்டு.

கார்த்திகை தீபத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள் பையிலிருந்து எடுத்த பாட்டிலுக்குப் பச்சை மூடி இருந்தது. பாட்டிலும் நம்முடையது இல்லை, கொஞ்சம் குட்டை, பக்கவாட்டில் ஒரு கீறல். சுத்தமாகக் காலி.

"இது யாருது?"

"அவளுது. மாறிடுச்சு. என்னுது அவகிட்ட இருக்கு."

திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த அத்தை கொட்டையைப் பிரிக்கிற கையை நிறுத்தினார். "யாரு வூட்டுப் புள்ள அது?" எங்கள் பக்கம் இந்தக் கேள்வி பேரைக் கேட்பதல்ல.

"நைன்த் ஈ புள்ள, ஆயா" என்று சொல்லிவிட்டு, பெரியவள் அந்தப் பாட்டிலைக் குழாயடிக்கு எடுத்துப் போனாள். உள்ளே கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு தரம் குலுக்கி ஊற்றினாள். பிறகு ரொப்பி, நின்றபடியே பாதி குடித்துவிட்டு, மிச்சத்துக்குப் பச்சை மூடியைத் திருகினாள்.